சொர்ணாம்பாள் டீச்சர் நிறுத்திய மாத்திரை

சொர்ணாம்பாள் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. மார்க் போடுவதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. டவுண் தெற்கு ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் தெருவில் யார் வீட்டுக்கு ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தாலும் முதலில் கணக்கு டீச்சரான அவர் கைக்குத்தான் போகும். சிவப்பு மையில் சுழிப்பார். சர்க்கரை கூடியிருந்தால் சம்பந்தப்பட்டவர் வாசலில் நின்று திட்டு வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். டாக்டரிடம் போவதெல்லாம் அதற்கப்புறம்.

கணவர் மகேஸ்வரன் அவருக்கு அத்தை மகன். மின்வாரியத்தில் முப்பது வருடம் உழைத்தவர். வீட்டில் அவர் குரலை உயர்த்தியதாக யாருக்கும் நினைவில்லை. எதிர்த்துப் பேசினால் சாப்பாடு ஆறிப்போகும் என்பதைக் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். பத்து வருடமாக ரத்தக் கொதிப்புக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை போட்டு வந்தார்.

பெங்களூரில் இருக்கும் மகன் கணேஷ்ராமுக்குப் போன வருடம் பெற்றோர் மேல் திடீர்ப் பாசம் வந்து, முழு உடல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தான். வந்த அறிக்கையில் அப்பாவின் பி12 வைட்டமின் தரையோடு தரையாகக் கிடந்தது. ஹோமோசிஸ்டீன் என்று ஒன்று, பதினைந்துக்குள் இருக்கவேண்டியது, முப்பத்திரண்டில் நின்றது. முட்டை வாசனை தெருமுனையில் வந்தாலே மூக்கைப் பொத்துகிற சைவக் குடும்பம். மோரில் கிடைக்கிற கொஞ்சநஞ்சம் எத்தனை நாளைக்குக் காணும்?

டீச்சர் இரண்டு நாள் செல்போனைக் குடைந்தார். ஹோமோசிஸ்டீன் கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம். பி வைட்டமின் சாப்பிட்டால் ஹோமோசிஸ்டீன் குறையும். ஆகவே பி வைட்டமின் சாப்பிட்டால் மாரடைப்பும் வராது, பக்கவாதமும் வராது. மூன்றே வரியில் நிரூபணம் முடிந்துவிட்டது.

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கும் ப்ரீதா டீச்சரிடம் படித்தவள். பி12, ஃபோலிக் அமில மாத்திரைகளை எழுதிக் கொடுத்தாள். ரத்தத்துக்கும் நரம்புக்கும் இவை கட்டாயம் வேண்டும் என்றாள். ஆனால் நிரூபணத்தை மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்ததில் அந்த எண் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் சிலருக்குக் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான். கொதிப்பு மாத்திரையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். டீச்சர் தலையை ஆட்டினார். ஆட்டோவில் ஏறியதும், அவள் முக்கோணவியலில் எப்போதுமே மட்டம் என்று கணவரிடம் சொன்னார்.

மூன்று மாதத்தில் முப்பத்திரண்டு ஒன்பதாக இறங்கியது. டீச்சர் அறிக்கையின் மேல் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். தெருவுக்கே கேசரி கிடைத்தது. வெள்ளை மாத்திரையால் மகேஸ்வரனுக்குக் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்து கிடப்பதை டீச்சரால் ரொம்ப நாளாகவே பொறுக்க முடியவில்லை. பிரஷரைப் பார்த்தால் நூற்று முப்பதுதான் இருந்தது. மாத்திரை போடுவதால்தான் அது நூற்று முப்பது என்பது கணக்கு டீச்சருக்குத் தோன்றாமல் போயிற்று.

"இனிமே இது எதுக்கு அத்தான்? கால் வீங்குததுதான் மிச்சம்" என்று அட்டையைத் தூக்கி அலமாரி மேல் எறிந்தார்.

மகேஸ்வரன் வழக்கம்போலச் சரி என்றார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. உலகத்தில் தான் மட்டுமே சரி என்ற டீச்சரின் பழைய எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டது.

எட்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேங்காய்ப்பால் சொதியும் சோறும். மகேஸ்வரனின் கை வாய்வரைக்கும் போகாமல் வழியிலேயே நின்றுவிட்டது. சோறு வேட்டியில் சிந்தியது. பைய சாப்பிடக் கூடாதா என்று டீச்சர் அதட்டினார். அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், ஒரு ஓரம் கோணிக்கொண்டு போயிற்று. டீச்சர் கைகூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடினார். பக்கத்து வீட்டுக் காரில் அரை மணி நேரத்தில் வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மூளையில் சின்ன அடைப்பு. சீக்கிரம் வந்ததால் அடைப்பைக் கரைக்கும் மருந்து ஏற்ற முடிந்தது. மூன்றாம் நாள் பேச்சு குழறலாகத் திரும்பியது, விரல்களும் அசைந்தன. ப்ரீதா சிகிச்சைக் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, வரும்போது பிரஷர் நூற்றுத் தொண்ணூறு இருந்ததே, மாத்திரையைத் தினமும் போட்டீர்களா என்று கேட்டாள்.

மகேஸ்வரன் மனைவியைப் பார்க்கவே இல்லை. "போட்டேன்மா. ஒரு நாளும் விடல."

அப்படியென்றால் அந்த மாத்திரை கேட்கவில்லை, அளவைக் கூட்டவேண்டும், சிறுநீரகத்தையும் பார்த்தாகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ப்ரீதா எழுத ஆரம்பித்தாள். டீச்சர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மானம் தப்பிவிடும். கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைப் பிள்ளைகள் காட்டினால்கூட, முழித்திருக்கிறீர்களா என்று சோதித்தேன் என்று சமாளித்தவர் அவர். ஆனால் எழுதிக்கொண்டிருப்பது அத்தானின் உடம்புக்குள் போகப்போகிற மருந்து.

"எழுதாதம்மா. ரெண்டு மாசமா அவங்க போடல. நான்தான் நிப்பாட்டினேன். நீ சொன்னதை நான் கேக்கல. தப்பு என் மேலதான்."

ப்ரீதா எழுதியதை அடித்தாள். "கால் வீங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வேற மாத்திரை மாத்தித் தந்திருப்பேனே டீச்சர்" என்றாள். அவள் போனதும் டீச்சர் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதார். அவ்வளவு வெட்கமும் அவ்வளவு பயமும் சேர்ந்து அவருக்கு அதுவரை வந்ததில்லை. எதற்கு அத்தான் எனக்காகப் பொய் சொன்னீர்கள், நிறுத்தின அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

மகேஸ்வரன் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துப் பேசினார்.

"மாத்திரைய விட்ட நாள்லேருந்து பயமாத்தான் இருந்துச்சு ஏளா. ஒங்கிட்ட சொல்லத்தான் அதைவிடப் பயம்."