ஆறு மணிக்குக் காட்ட வேண்டிய தாள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சித்தி தனியாகக் கடலுக்குப் போனாள். எங்கள் வீட்டில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று சித்தி, இன்னொன்று நான்.

சித்தி அம்மாவின் தங்கை. பெங்களூரில் ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. கல்யாணம் ஆகும்வரை இருக்கட்டும் என்று ஈஜிபுராவில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்தவள், ஒரு வருடம் கழித்து ஒரு நாள் வேலையிலிருந்து பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே காற்றடைக்கிற படகு இருந்தது. கூட வேலை செய்த ஒருவர் துபாய்க்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அம்மா அதைக் காற்று மெத்தை என்று நினைத்தாள். சித்தி திருத்தவில்லை. பை கட்டிலுக்கு அடியில் போனது.

அம்மா தூங்கும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் அதை மொட்டை மாடிக்குக் கொண்டுபோவோம். தண்ணீர் டாங்குகளுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே வைத்துச் சித்தி காலால் பம்பை மிதிப்பாள். படகு மெல்ல மெல்ல எழுந்து உட்காரும். என்னை உள்ளே உட்காரவைத்து, இரண்டு பக்கமும் துடுப்பிருக்கிற கோலைக் கையில் கொடுப்பாள். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எதிர் வீட்டு ஆன்ட்டியின் போர்வைகள் காற்றில் உப்பும்போது அவற்றைப் பார்த்துத் துடுப்புப் போடுவேன்.

"பயமா இருக்குமா சித்தி?"

"பயமா இருந்தா என்ன பண்ணணும்னு முன்னாடியே எழுதி வெச்சுட்டா, அப்புறம் அதுல பாதிதான் மிச்சம் இருக்கும்."

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்பினாள். மைசூரில் இரண்டு நாள் பயிற்சி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். என்னை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டாள். தண்ணீரில் தனியாகப் போகிறவர்கள் கரையில் ஒருவரிடம் எங்கே, எப்போது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும், அதுதான் முறை என்றாள். அந்த ஆள் தூங்கிவிடக் கூடாது, மறந்துவிடக் கூடாது, ஆர்வக்கோளாறில் எதையும் உளறிவிடவும் கூடாது. "இந்த மூணும் இல்லாத ஆள் இந்த வீட்ல நீ ஒருத்திதான்" என்று ஒரு தாளைக் கொடுத்தாள்.

தாளில் இப்படி இருந்தது.

1. சனி காலை 8: ஆற்றில் படகு இறங்கும். ஒரு மிஸ்டு கால்.
2. சனி மாலை 5: முகத்துவாரம் தாண்டி முதல் மணல். ஒரு மிஸ்டு கால்.
3. ஞாயிறு பகல் 12: மலை உச்சி. ஒரு மிஸ்டு கால்.
4. ஞாயிறு மாலை 6: பாலத்துக்கு அடியில் திரும்பி வந்தாயிற்று. ஒரு மிஸ்டு கால்.

கீழே: போனை எடுக்காதே. திரும்பக் கூப்பிடாதே. ஆறு மணிக்குள் நாலாவது வராவிட்டால் இதை அப்பாவிடம் காட்டு. அதற்கு முன்னால் யாரிடமும் காட்டாதே.

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடுகள். பின்பக்கம் ஒரு வரைபடம்: ஆறு, அலையாத்திக் காடு, கடல், கரையோரமாக மூன்று சிறிய மணல் திட்டுகள், அவற்றுக்கு மேலே ஒரு மலை. மூன்றாவது மணலுக்கு ரோடும் கிடையாது, வீடும் கிடையாது, படகில் மட்டும்தான் போகமுடியும் என்று சித்தி சொல்லியிருந்தாள். அங்கே படகை விட்டுவிட்டு மலை ஏறி இறங்குவது அவள் திட்டம். எதற்காக என்று நான் கேட்கவில்லை. தாளில் அந்தக் கேள்வி இல்லை.

அம்மாவின் பட்டன் போன் அந்த இரண்டு நாளும் என் கையிலேயே இருந்தது. நான் பாம்பு விளையாட்டு ஆடுகிறேன் என்று அம்மா நினைத்தாள். சனிக்கிழமை இரண்டு மிஸ்டு கால்களும் நேரத்துக்கு வந்தன. இரண்டு டிக் போட்டேன்.

ஞாயிறு பன்னிரண்டுக்கு எதுவும் வரவில்லை. ஒரு மணிக்கும் இல்லை, இரண்டுக்கும் இல்லை. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. இது பன்னிரண்டு மணிக்கு உரியதா, ஆறு மணிக்கு உரியதா? முன்னதென்றால் மூன்று மணி நேரம் தாமதம். பின்னதென்றால் மூன்று மணி நேரம் சீக்கிரம். ரொம்ப நேரம் யோசித்து, மூன்றாவது வரியில் பென்சிலால் லேசாக ஒரு டிக் போட்டேன், வேண்டுமானால் அழித்துக்கொள்ளலாம் என்று.

ஐந்தே காலுக்கு மறுபடியும் சித்தியின் எண். ஆனால் இந்தத் தடவை ஒரு முறையோடு நிற்கவில்லை. முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. போனை எடுக்காதே என்று தாளில் இருந்ததால் நான் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவை அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள்.

"காது கேக்கலையாடி உனக்கு? யாரு அது?"

"சித்தி."

"எடுக்க மாட்டியா?" போனைப் பிடுங்கிக் காதில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியே கேட்கும் அளவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் கத்திப் பேசினான். அம்மாவுக்கு வந்த கன்னடம் காய்கறிக்கும் பஸ்ஸுக்கும் மட்டும்தான் போதும். பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத்தான் புரிந்தது. "தோணி சிக்கிதெ. அதரல்லி யாரூ இல்ல" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். படகு கிடைத்திருக்கிறது, அதில் யாரும் இல்லை.

"யாருடா நீ? என் தங்கச்சி போன் எப்படி உங்கிட்ட வந்துது?" என்று அம்மா தமிழில் கத்தினாள். பிறகு போனை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "ஒரு ஆம்பள பேசறான்..."

சத்தம் கேட்டு எதிர் வீட்டு ஆன்ட்டி வந்தாள். ஆன்ட்டி மூன்று தலைமுறையாக பெங்களூர். ஒரு நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மைசூரு இல்ல, மங்களூரும் இல்ல. ஓடிப் போயிட்டா பாரு. கன்னடக்காரனா? சும்மா இரு, திரும்ப போன் கீன் பண்ணிடாத. உஷாராயிடுவாங்க. மொதல்ல உன் வீட்டுக்காரர வரச் சொல்லு."

ஆன்ட்டியின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். அடுகோடியில் ஒர்க்‌ஷாப்பில் இருந்த அப்பா கால் மணி நேரத்தில் கிரீஸ் கையோடு வந்து நின்றார். பையனை யாருக்காவது தெரியுமா, என்ன ஜாதி, சம்பளம் உண்டா என்று பேச்சு போனது. வராத ஒரு மாப்பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் உயரம், நிறம், குணம் எல்லாம் வந்துவிட்டன. அம்மா அழுதாள். ஆன்ட்டி காபி போட்டாள்.

நான் தாளின் ஓரத்தில் எழுதினேன்: 5.20, படகு கிடைத்தது, ஆள் இல்லை. எழுதிவிட்டுக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மணி இன்னும் ஆகவில்லை. ஆறு மணி ஆகாதவரை சித்தி தாமதமாகவில்லை, தாமதமாகாதவரை அவளுக்கு எதுவும் ஆகியிருக்க முடியாது. இதில் எங்கே ஓட்டை என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, சித்தி உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"ஆறு மணிக்குச் சொல்றேன்பா."

"வெளயாடற நேரமா இது?" என்று அவர் மறுபடியும் அம்மாவிடம் திரும்பிக்கொண்டார்.

பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் எழுந்துபோய்த் தாளைக் கொடுத்தேன். அப்பா படித்தார். திருப்பி வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"படகா? என்ன படகு?" என்றாள் அம்மா.

"கட்டிலுக்கு அடியில இருந்துதே, அது" என்றேன்.

கூட யாரும் போகவில்லை, தனியாகத்தான் போனாள் என்று தெரிந்ததும் அம்மா ஒரு நொடி ஏமாந்தவள் மாதிரி விழித்தாள். மாப்பிள்ளை இருந்தவரை அவளுக்குக் காரணம் ஒன்று இருந்தது. பிறகுதான் நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். முன்பு அழுததற்கும் இதற்கும் சத்தமே வேறாக இருந்தது.

அப்பா சித்தியின் எண்ணுக்குக் கூப்பிட்டார். முதல் ஒலியிலேயே அந்த ஆள் எடுத்தார், ஒரு மீனவராம். அப்பா நல்ல கன்னடத்தில் பேசினார், மூன்றாவது மணல், மூன்றாவது மணல் என்று நாலைந்து தடவை சொன்னார். இப்போதே ஆள் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம் என்றது அந்தக் குரல். அன்று ராத்திரி பஸ்ஸில் அப்பா போனார். திங்கட்கிழமை விடிந்து ஏழு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. ஆள் கிடைத்தாயிற்று. கால் முறிந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை.

புதன்கிழமை சித்தி காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அப்பா தாளைப் பற்றிச் சொன்னார். இந்தப் பொண்ணு மட்டும் பேப்பரைப் பத்திரமாக வைத்திருக்காவிட்டால் எங்கே போய்த் தேடுவது? ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் சொன்ன மாப்பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

"தனியா எதுக்குடி போன?" என்று அம்மா நூறாவது தடவையாகக் கேட்டாள்.

"கூட யாராவது வந்தா தனியா போனதாகாதேக்கா."

அன்று சாயங்காலம்தான் சித்தி முழுதாகச் சொன்னாள். அலையாத்தி வேர்களுக்கு நடுவே துடுப்பு மாட்டிக்கொண்டது, மலையில் பாதையே இல்லாமல் கொடிகளை வெட்டிக்கொண்டு ஏறியது, உச்சிக்குப் போய்ச் சேரவே மூன்று மணி ஆனது, மேலேயிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதச் சுவடும் இல்லாமல் கடல் கிடந்தது. இறங்கி வந்து போனையும் பையையும் படகில் வைத்தாள். பாறைமேல் விட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பிய நேரத்தில் பெரிய அலை ஒன்று படகைத் தூக்கிக்கொண்டது. பின்னாலேயே ஓடினாள். பாசியில் கால் வழுக்கியது.

"அப்புறம் பாறை இடுக்குல உக்காந்துட்டேன். சூரியன் எறங்கினப்புறம் ஒரு போட் வந்துது மாமா. லைட் அடிச்சுப் பாத்தாங்க. தொண்ட கிழியக் கத்தினேன், எஞ்சின் சத்தத்துல கேக்கல. பாறைங்க ஜாஸ்தி, இருட்டுல கிட்ட வர முடியல. திரும்பிட்டாங்க. அலை மேல வந்துட்டே இருந்துது. இடுப்பு வரைக்கும். விடியற வரைக்கும் அப்படியேதான்."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்றார் அப்பா.

"வெளிச்சம் இருந்திருக்கும். பாத்திருப்பாங்க."

"அவன் அஞ்சே காலுக்கே போன் பண்ணிட்டானே" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். உடனே சித்தி, "நான்தான் ஆறுன்னு எழுதினேன் மாமா. தப்பு என்னோடது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு ஒழுங்காக எல்லாவற்றையும் செய்திருக்கிறேன், இப்போது யாரோ தப்பு செய்ததாகச் சொல்கிறாள்.

"தப்பே எதுவும் நடக்கல சித்தி" என்றேன். "ஒரு நிமிஷம் முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. கரெக்டா ஆறு மணிக்குக் குடுத்தேன்."

"ஆமாடா" என்று சித்தி என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "கரெக்டாதான் குடுத்த."

அப்பா எழுந்து மாடிக்குப் போனார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சித்தியின் கை என் தலையிலேயே இருந்தது, எடுக்கவே இல்லை. எல்லாம் சரியாக நடந்த ஒரு விஷயத்துக்கு ஏன் இவர்கள் எல்லாரும் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.