துவா என்றொரு சொல்

அறுபதுகளின் நடுவில், ரங்கூனில் கடை வைத்திருந்த என் கொழுந்தன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பினார். கூடவே அவர் மனைவியும் வந்தாள். பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வந்த சில நாளிலேயே கொழுந்தன் வேலை தேடி மதராசுக்குப் போய்விட்டார். என் கணவருக்குத் தோல் மண்டியே கதி. பகலெல்லாம் வீட்டில் என் கணவரின் அம்மாவான மாமியும் நானும் அவளும்தான்.

கொழுந்தன் கிளம்புமுன் அவரிடம் சில பர்மியச் சொற்களைக் கேட்டுக்கொண்டேன். வா, போ, சாப்பிடு, எங்கே. வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டு அவளிடம் சொன்னேன். அவள் விழித்தாள். அந்த மொழியில் ஒரே சொல்லை இழுத்தால் ஒரு பொருள், நறுக்கினால் வேறு பொருள் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் குளத்து மீன் வாங்கியிருந்தோம். அவள் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஙா" என்றாள். பள்ளிக்கூடத்தில் ங என்ற எழுத்தைச் சிலேட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதில் தொடங்கும் ஒரு பொருளைக் கையால் தொட்டதில்லை. இப்போது அது செதிலும் வாலுமாக என் உள்ளங்கையில் வழுக்கியது. அந்தச் சொல்லை நான் உருப்போடவே இல்லை. தானாக ஒட்டிக்கொண்டது.

அதன்பின் பொருள் கேட்பதை விட்டேன். அவள் அரிசி களைந்தால் நானும் கூடக் களைந்துகொண்டே அவள் சொல்வதைச் சொன்னேன். தப்பாகச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சரியாக வரும்வரை விடமாட்டாள். நான் சொல்லும் தமிழை அவளும் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

திடீரென்று ஒரு வாரம் அவள் சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒதுங்கினாள். கேட்டால், "துவா நாடெ" என்பாள்.

"பாவம், நம்மளத் துவா கேக்கச் சொல்லுது. புள்ளைக்கு என்ன கஷ்டமோ" என்று மாமி அங்கேயே கையேந்திப் பிரார்த்தனையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீடுகளில் துவா என்றால் அதுதான்.

எனக்கு மொழி தெரியுமே! கொழுந்தன் சொல்லித் தந்ததில் 'துவா' என்றால் போ.

"அந்தத் துவா இல்ல மாமி. ஊருக்குப் போறேங்குது."

மாமியின் முகம் வாடிப்போனது. "நாம என்னத்தக் கொறை வச்சோம்? வெஞ்சனத்துல காரம் கூடிப்போச்சோ?"

தம்பிக்குத் தந்தி அடித்துவிடலாம் என்றார் என் கணவர். செத்த நேரம் பொறுங்க, நான் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததைக் கோத்து, "பே துவா லே?" என்றேன். எங்கே போகிறாய் என்று கேட்பதாக நினைப்பு.

அவள் முந்தானையை விலக்கி, வாயை அகலத் திறந்து, கடைவாயில் ஒரு பல்லின்மேல் விரலை வைத்தாள். ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

பர்மியத்தில் பல்லுக்கும் துவாதான்; 'நாடெ' என்றால் வலிக்கிறது. நான் கேட்டது அவள் காதில் 'எந்தப் பல்?' என்று விழுந்திருக்கிறது.

அன்றைக்கே ஜட்கா வைத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பியதும் மாமி கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொடுத்தார். "பல்வலிக்கும் துவா கேக்கலாம், தப்பில்ல" என்றார்.

இதை எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாலும் எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. மொழியே தெரியாத மாமி அவளுக்கு ஏதோ கஷ்டம் என்று கண்டுகொண்டார். ஒரு சொல் தெரிந்த நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் கன்னத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். பிறகு யார் எந்த மொழியில் பேசினாலும் முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

கொழுந்தனுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை கிடைத்து, அவர்கள் எங்களோடேயே தங்கினார்கள். அவள் தமிழ் சரளமாகி, "அம்புட்டுத்தான்" என்று கடைக்காரரிடம் பேரம் முடிக்கும் அளவுக்கு வந்தது. என் பர்மியம் அடுப்படியைத் தாண்டவில்லை. ஆனால் அடுப்படிக்குள் அதில் எதையும் பேசுவோம், மாமியைப் பற்றியும்கூட.

ஒரு மத்தியானம் மாமி காது மந்தமாகிவிட்டது என்று பர்மியத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமி தலை நிமிராமல், "நல்லாத்தான் கேக்குது" என்றார்.