கட்டிலில் கிடந்தே கடல்

கனடாவின் மல்வேர்னில் இருபது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிளமென்ற், மன்னார்க் கரையில் நான்கு குடில்கள் கட்டியிருந்தான். சூரிய மின்சாரம், பிளாஸ்டிக்குக்குத் தடை, வாசலில் ‘இயற்கையைக் காப்போம்’ என்ற பலகை. பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் மெச்சிவிட்டு, கரையில் அலையைத் தடுத்து நின்ற கண்டல் மரங்கள் கடலை மறைப்பதாக மட்டும் குறை எழுதினார்கள். வெள்ளைக்காரன் எழுதினால் கிளமென்றுக்கு அது வேதவாக்கு. குடில்களைப் பராமரிக்கும் தங்கை டெல்சியை உடனே போனில் பிடித்தான்.

“முன்னுக்கு நிக்கிற கண்டலை வெட்டுவி.”

“அண்ணை, போன புயலுக்கு அதுதானே எங்களைக் காப்பாத்தினது.”

“கட்டிலிலை கிடந்தே கடல் தெரியவேணும். சொன்னதைச் செய்.”

கண்டல் போனது. வந்தவர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். ஒவ்வொரு படத்தையும் அவன் வேலைத்தலத்தில் எல்லாருக்கும் காட்டினான்.

கார்த்திகையில் ஒரு காலை, பனிக்குள் பஸ்ஸுக்கு நின்றபோது, மன்னாரைப் புயல் தாக்குவதாகப் போனில் செய்தி வந்தது. உடனே டெல்சியை அழைத்தான். காற்றின் இரைச்சலுக்குள் அவள் குரல் அமைதியாகவே வந்தது.

“குடிலுக்கைதான் நிக்கிறன், அண்ணை. நீங்கள் கேட்ட கடல் இப்ப கட்டில் மட்டத்துக்கு வந்திட்டுது.”