அரைவேக்காட்டுக் கிழங்கு

எனக்குக் கிழங்கு என்றால் பயம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோவில்பட்டியில் எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எதிர்வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சாப்பிட்ட அக்காவும் தம்பியும் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார்கள். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் தம்பி பிழைத்துக்கொண்டான். அந்த அக்கா திரும்பி வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை என்னோடு தாயம் ஆடியவள். அதற்குப் பிறகு எந்தக் கிழங்கையும் நான் வாயில் வைக்கவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் இரண்டு வருஷம் கழித்து இறங்கியது.

கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தபோது இந்தப் பயமும் என்கூடவே வந்தது. என் வீட்டுக்காரருக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் கிளார்க் வேலை. கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ்வீட்டில் குடியிருந்தோம். மார்க்கெட்டில் நுழைந்தால் வழியெல்லாம் கிழங்குதான். சேனையை அங்கே ஓல் என்பார்கள். சேம்பு வகைகளுக்கெல்லாம் கொச்சு என்று பெயர். அதில் மான்கொச்சு என்று ஒன்று, என் முழங்கை நீளத்துக்கு, மேலெல்லாம் கறுத்த தோலும் வேருமாகக் கிடக்கும். நான் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் தாண்டி நம்மூர்க்காரர் கடைக்குப் போவேன். மெட்ராஸிலிருந்து வாரம் ஒருமுறை ரயிலில் அவருக்கு ஒரு கூடை வரும். முருங்கைக்காய், கொத்தவரங்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. பாதி வாடியிருக்கும். அதற்குத்தான் அடித்துப்பிடித்துக்கொண்டு நிற்போம்.

"இங்க விளையறத வாங்கக் கூடாதா? ரெண்டு நாள் ரயில்ல கிடந்து வந்த காய்ல என்ன இருக்கப்போகுது?" என்பார் என் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரிஞ்ச காயைத்தான் என் பிள்ளைக்குக் குடுப்பேன்."

அப்போது எங்கள் மகளுக்கு நாலு வயது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி மாதம் மழை பிடித்தது. முதல் நாள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கல்கத்தாவில் மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும், வடியும். அவர் காலையில் குடையோடு ஆபீசுக்குப் போனார். அன்று திரும்பவில்லை. மறுநாள் விடிந்தபோது வாசற்படி மூழ்கியிருந்தது. பத்து மணிக்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கறுப்பான தண்ணீர், சாக்கடை நாற்றத்தோடு. கட்டிலில் மகளை நிற்க வைத்துவிட்டு எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நின்றேன். அரிசி டின்னின் அடி நனைந்துகொண்டிருந்தது.

மாடியில் ஒரு வங்காளிப் பெண் இருந்தாள். என் வயதுதான், முப்பது இருக்கும். பள்ளிக்கூட டீச்சர். படுக்கையோடு கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். நான் அவளைத் தீதி, அக்கா, என்பேன்; அவள் என்னைப் பௌதி, அண்ணி, என்பாள். அதற்கு மேல் அவ்வளவாகப் பேசியதில்லை. அன்று அவளே படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் வந்து, என்னைக் கேட்காமலே மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மேலே வாங்க பௌதி. இது இப்போதைக்கு வடியாது."

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் சந்தே தெரியவில்லை. ஒரு செருப்பு, ஒரு கூடை, செத்த நாய் ஒன்று மிதந்து போயின. ரயில் எதுவும் ஓடவில்லையாம், பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம் என்று எதிர் மாடியிலிருந்து கத்திச் சொன்னார்கள். கார்டன் ரீச் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று தோன்றியது.

நான் கொண்டுபோன பிஸ்கட்டும் பொரியும் மகளுக்கு ஒரு நாள் வந்தது. தீதி வீட்டில் அரிசி இருந்தது, காய் இல்லை. மூன்றாம் நாள் காலை கொல்லைப்புறம் இறங்கி, தண்ணீரில் சாய்ந்து கிடந்த ஒரு மான்கொச்சைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே புடவை முழுக்கச் சேறு. என்னையறியாமல் ஓரடி பின்னால் போனேன்.

"பயப்படாதீங்க. நாங்க கிழக்கு வங்காளத்துலேர்ந்து அகதியா வந்தப்ப, கேம்ப்ல ரெண்டு வருஷம் இதைச் சாப்பிட்டுத்தான் உயிரோட இருந்தோம்."

மகளுக்கு வெறும் சோற்றில் உப்புப் போட்டுப் பிசைந்து கொடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் ஜன்னலுக்குப் போனேன். சந்து முனையில் ஒரு ஆள் மார்பளவு தண்ணீரில் வருவது போலிருந்தது, அவர்தானோ என்று பார்த்தேன். அவர் இல்லை. திரும்பினால், மகள் தீதியின் தட்டிலிருந்து கடுகு போட்டு மசித்த கொச்சை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் கத்துவதற்குள் அது கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, தொண்டைல முள்ளு குத்துது."

உதடு தடித்திருந்தது. இருமியது, எச்சில் ஒழுகியது, அழுதபோது குரல் கரகரத்தது. எனக்கு அந்த நிமிஷம் கல்கத்தா இல்லை, மழை இல்லை, எதிர்வீட்டு அக்காவின் முகம்தான் முன்னால் நின்றது. டாக்டர் வீடு பெரிய ரோட்டைத் தாண்டி. ரோட்டில் தண்ணீர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

"என் பிள்ளைக்கு விஷத்தைக் குடுத்திட்டியே!" என்று தமிழில் அலறினேன். அவளுக்கு வார்த்தை புரிந்திருக்காது, சொன்னது புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"வெந்தது போதாது," என்றாள் மெதுவாக. "மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. குழந்தைக்குப் பால்பொடி கரைக்க வெந்நீர் வேணுமேன்னு அடுப்பைச் சீக்கிரம் அணைச்சிட்டேன்." பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தாள். "புளி. உங்க வீட்ல புளி இருக்குமே!"

நான் படியில் ஓடினேன். கீழே தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சமையலறை இருட்டாக இருந்தது. ஏதோ ஒன்று காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று, கயிறோ பாம்போ, நான் குனிந்து பார்க்கவில்லை. மேல் தட்டைத் துழாவி, புளிச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன்.

தீதி புளியைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொப்பளிக்க வைத்தாள், உதட்டில் தடவினாள். மகள் துப்பியது, அழுதது, மறுபடி குடித்தது. நான் அதன் நெஞ்சில் காதை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். தீதி எழுந்து போய், தட்டில் மீதியிருந்த கொச்சை எடுத்து, என் எதிரில் உட்கார்ந்து, ஒரு துளி விடாமல் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவளுக்கும் தொண்டை அரித்திருக்கும். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வெயில் சாய்கிற நேரத்தில் உதட்டு வீக்கம் வடிந்தது. மகள் பால் கேட்டது. நான் அப்போதுதான் அழுதேன்.

அவர் ஐந்தாம் நாள் வந்தார். ஆபீஸ் மாடியில் நூறு பேரோடு கிடந்துவிட்டு, பாதி தூரம் நடந்தும், பாதி தூரம் யாரோ ஓட்டிய படகிலுமாக. பாதம் இரண்டும் ஊறி வெளுத்துத் தோலுரிந்திருந்தது. நடந்ததைச் சொன்னபோது அவர் தீதியைப் பார்த்துக் கைகூப்பினார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

மெட்ராஸ் கூடை அதற்குப் பிறகு பல வாரம் வரவில்லை. நம்மூர்க்காரர் கடையில் அப்பளமும் பெருங்காயமும்தான். மார்க்கெட்டில் தண்ணீருக்குத் தப்பியது கிழங்குகள்தான். ஒரு நாள் ஒரு துண்டு ஓல் வாங்கிவந்தேன். புளித்தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவிட்டேன். அது குழைந்த பிறகும் அடுப்பை அணைக்க மனம் வரவில்லை. மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டு, முதலில் நான் ஒரு வாய் சாப்பிட்டேன். கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாக்கில் ஒன்றும் இல்லை. நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். அதன் பிறகே மகளுக்குக் கொடுத்தேன். மழைக்காலத்தில் ஓல், குளிரில் சர்க்கரைவள்ளியும் முள்ளங்கியும் என்று அப்புறம் பத்து வருஷம் அந்த ஊர்க் கிழங்குகளைத்தான் சமைத்தோம். என் பயம் போனது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் வாய் என்னுடையது, கால் மணி நேரம் என்னுடையது.

ஓல் சமைத்த அந்த முதல் நாள் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தீதி மூடியைத் திறந்து பார்த்தாள். அவள் கை கிண்ணத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

"ஓலா?" என்றாள். "தொண்டை பிடிக்காதே, பௌதி?" அரிப்பதை அங்கே பிடிப்பது என்பார்கள்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கிண்ணத்திலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.