பச்சைப் பைல் இல்லாத பயணம்

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரை விட்டு எங்கே காரெடுத்தாலும் என் வீட்டுக்காரரோடு பச்சைப் பைலும் வரும். கல்யாணப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம், பாஸ்போர்ட்டுகள், அந்தக் காலத்தில் கொடுத்த அகதி விண்ணப்பமான அன்ராக்கின் நகல்கூட அதற்குள்தான் இருக்கும். அகதியாக இருந்தபோது அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டிப் பிடிபட்டு, ஒரு பகல் முழுக்கப் பொலிஸ் நிலையத்தில் குந்தியிருந்தவர். அதற்காகப் பக்கத்து ஊருக்கு மரக்கறி வாங்கப் போகவும் பைலா?

பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். போன வசந்தத்தில் நாங்கள் இருவரும் மட்டும் இரண்டு நாள் நெதர்லாந்துக்குப் புறப்பட்டோம். நான் ஒரேயொரு நிபந்தனை போட்டேன்.

"இந்தமுறை அந்தப் பைல் வரக்கூடாது. ஆளுக்கொரு ஐடி கார்ட் காணும். பைல் வந்தா நான் வரேல்லை."

"சரி, எடுக்கேல்லை. நீர் கோவிக்காதையும்."

அவர் முகம் விழுந்துபோனது. நான் இரங்கவில்லை. ஒருமுறையாவது மற்றச் சனங்களைப் போலக் கையை வீசிக்கொண்டு போய்வர வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை.

எல்லை நெருங்க ரேடியோவை நிறுத்தினார். சட்டையின் மேல் பட்டனைப் பூட்டினார். நிமிர்ந்து இருந்து ஓட்டினார்.

"எப்ப வரும் எல்லை?"

"அது போய்ப் பத்து நிமிசம். ஒரு நீலப் பலகை நிண்டது, காணேல்லையே?"

மனுசன் வாயைப் பிளந்தார். உண்மையைச் சொன்னால் நானும் அந்தப் பலகையை இரண்டு தரம் திரும்பிப் பார்த்திருந்தேன். இவ்வளவுதானா?

உத்ரெக்ட் நகரில் சைக்கிள் நிறுத்தவென்றே மாடி மாடியாகக் கட்டியிருந்ததைப் பார்த்து மலைத்துப்போனோம். நாட்டுப்புறத்தில் சாலையைவிட உயரத்தில் வாய்க்கால் ஓடியது. எங்கள் தலைக்கு மேலால் ஒரு படகு போனது. எல்லாவற்றையும்விட என்னை அதிரவைத்தவை வீடுகள். ஆள் உயரக் கண்ணாடி, திரைச்சீலை கிடையாது. உள்ளே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, கோப்பையில் என்ன கறி என்றுகூடத் தெரிந்தது.

"வெக்கம் கெட்ட சனம்" என்றேன்.

"இவையளுக்கு ஒளிக்க ஒண்டுமில்லைப் போல" என்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

இரண்டாம் நாள் பின்னேரம் திரும்பினோம். அவர் பாட்டுப் பாடினார், நான் வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் ஊட்டிவிட்டேன். வென்றுவிட்டேன் என்ற புளுகம் எனக்கு, அப்படியொரு சந்தோசம்.

ஜெர்மனிக்குள் நுழைந்ததும் வாகனங்கள் ஊர்ந்தன. பொலிஸ். முன்னால் போன இரண்டு கார்களைக் கையசைத்துப் போக விட்டார்கள். எங்களை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள்.

அடையாள அட்டை கேட்டார்கள். அவர் பர்ஸிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். நான் கைப்பையைக் கிளறினேன். இல்லை. முதியோர் இல்லத்துக்கு வேலைக்குக் கொண்டுபோகும் பையிலேயே விட்டுவிட்டேன். நாள் முழுக்க ஜெர்மனில் அதட்டி வேலை வாங்குகிறவள் நான். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை.

அவர் அனுமதி கேட்டு இறங்கினார். டிக்கியைத் திறந்து எங்கள் பயணப் பையைத் தூக்கினார், விரிப்பைத் தூக்கினார். அதற்குக் கீழே பச்சைப் பைல். உள்ளேயிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

இரண்டே நிமிடம். அந்த இளம் பொலிஸ்காரர் மரியாதையாக வழியனுப்பினார். கார் மறுபடி ஓடத் தொடங்கியதும் நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"பொய் சொல்லிப்போட்டியள்."

"ஓம்."

"ரெண்டு நாளும் காருக்குள்ளயே கிடந்தது?"

"ஓம். தேவைப்படாது எண்டுதான் நினைச்சன். நீர் சொன்னதுதான் சரியா வரவேணும் எண்டு நேர்ந்துகொண்டெல்லோ வந்தனான்."

ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மற்றக் கையால் மறுபடி மேல் பட்டனைப் பூட்டினார். அவரை ஏசுவதற்கு வைத்திருந்த அத்தனையும் எனக்கு மறந்துபோனது.

போன மாதம் கொலோனில் ஒரு கல்யாணம். ஹம்முக்கும் கொலோனுக்கும் இடையில் எந்த எல்லையும் கிடையாது. அவர் கோட் சூட்டோடு காரில் இருந்து ஹோர்ன் அடித்தார். அடுப்பை நிறுத்தினேனோ தெரியாது என்று சொல்லிவிட்டு நான் உள்ளே ஓடினேன். பச்சைப் பைலை எடுத்து, மாற்றுச் சேலைக்கு அடியில் வைத்துப் பையைப் பூட்டினேன். அவருக்குச் சொல்லவில்லை.