கழட்டி மாட்டுற அன்னம்

கோவளத்துல என் வூட்டு முன்ரூம்தான் கடை. பரதநாட்டிய டிரஸ்ஸுக்கு மணி வேலை செய்யறேன். பட்டுல நேரா தைக்க மாட்டேன், துவைக்கிறப்போ மணியெல்லாம் ஒடஞ்சி பூடும். கேன்வாஸ்ல அன்னமோ கொடியோ மணியால தச்சு, பின்னாடி டிச் பட்டன் வச்சிடுவேன். வேணும்னா மாட்டலாம், வேணாம்னா கழட்டலாம். இந்த யோசனைக்கு என்னை நானே மெச்சிக்கினு இருந்தவதான்.

நாவலூர்ல ஒரு பொண்ணு, பதினாலு வயசு. அவ இடுப்புல மாட்டுற அன்னத்துக்கு ஒரு பட்டன் வுட்டுப்போச்சுன்னு அவங்கம்மா குடுத்துட்டுப் போனாங்க. அடுத்த வாரமே காய்ச்சல்ல அந்தப் பொண்ணு பூட்டா. டான்ஸ் டீச்சர்தான் சேதி சொன்னாங்க. அடப்பாவமே, பச்சப் புள்ளையாச்சேன்னு அழுதேன்.

ஆறு மாசம் யாரும் வந்து கேக்கல. அன்னம் பெட்டியிலயே கெடந்துச்சு. மாமல்லபுரத்துல ஆட வந்த வெளிநாட்டுப் பொண்ணுக்கு அவசரமா வேணும்னு டீச்சர் கேட்டாங்க. பட்டனைத் தச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். அவ அதோடயே ஊருக்கு பிளைட் ஏறிட்டா.

அப்புறம்தான் அந்த நாவலூர் அம்மா வந்தாங்க. "அக்கா, அந்த டான்ஸ் டிரஸ்ஸைக் கட்டிவிட்டுத்தான் அவளக் கொண்டுபோனோம். எல்லாம் அவளோடயே எரிஞ்சிடுச்சு. அவ போட்டு ஆடினதுல மிச்சம் உங்ககிட்ட இருக்கறது மட்டும்தான்."

என் நாக்கை இழுத்து வச்சு அறுக்கணும். "இன்னும் பட்டன் தைக்கலம்மா, வெள்ளிக்கிழமை வாங்க"ன்னு சொல்லிடுச்சு.

மொதல்ல அந்த அன்னத்தை வரைஞ்ச பேப்பர் என்கிட்ட இருந்துச்சு. சித்திரை வெயில்ல, கரண்ட் இல்லாத மத்தியானத்துலயும் மடியில வச்சு அதே அன்னத்தைத் தச்சேன். புதுசுன்னு தெரியக்கூடாதுன்னு உள்ளங்கையால தேச்சுத் தேச்சுப் பழசாக்கினேன். இன்னா கேடுகெட்ட வேலை!

வெள்ளிக்கிழமை வந்தாங்க. வாங்கினதும் மூஞ்சில அழுத்திக்கிட்டாங்க. "அவ வேர்வை வாசனை அப்படியே இருக்குக்கா"ன்னு தேம்பித் தேம்பி அழுதாங்க. அது என் வேர்வை. சொல்லித் தொலையேண்டின்னு மனசு அடிச்சுக்கிச்சு.

அன்னையிலேர்ந்து ஊசி கோத்துக் குனிஞ்சா, யாரோ எதிர்ல நின்னு என் கையையே பாக்கறாப்ல கீது. நிமிந்தா ஆளில்ல. பட்டப்பகல்லயே எனக்குத் தனியா குந்தி தைக்க பயம்.

போன மாசம் அவங்க திரும்பவும் வந்தாங்க. கையில அன்னம்.

"வாசனை போயிடுச்சுக்கா. உங்க பெட்டியில இருந்ததாலதான் அவ்ளோ நாள் தங்கியிருக்கு. நாலு நாள் வச்சுத் தர்றீங்களா?"

வாங்கிக்கினேன். மூணு நாள் அந்தப் பெட்டிகிட்டயே போவல. நாலாம் நாள் காலையில, அவங்க வர்றதுக்கு முன்ன கதவைச் சாத்திட்டு, அன்னத்தை எடுத்து என் ரவிக்கைக்குள்ள வச்சுக்கினு வேலைக்குக் குந்தினேன்.