வலியசாலையில் நான் நட்ட எலுமிச்சை

எலுமிச்சைச் செடி, நட்டவனைப் பழிவாங்கும் என்று ஐந்து மாதம் முழுசாக நம்பியவன் நான். வயது நாற்பத்தெட்டு, பி.காம்., இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். படிப்புக்கும் பயத்துக்கும் சம்பந்தமில்லை என்பது நர்சரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. சேலையும் செடியும்

நான் நாகர்கோவில்காரன். திருவனந்தபுரத்தில் ஒரு துணிக்கடையில் பத்தொன்பது வருஷம் சேலைப் பிரிவில் நின்றேன். கடையை மூடிவிட்டார்கள். மகளை அப்போதுதான் காலேஜில் சேர்த்திருந்தேன். அந்த ஊரில் செடி நர்சரி நடத்தும் லதா சேச்சி என்னை சேல்ஸுக்கு எடுத்துக்கொண்டார்.

"ஆறு மாசம் ட்ரயல். கஸ்டமர் ஒரு கம்ப்ளெய்ன்ட் சொன்னா போதும், பின்னே வர வேண்டா."

செடி விற்பதும் சேலை விற்பதும் ஒன்றுதானே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். துணிக்கடை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு விஷயம். 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்லாதே. வாங்கிய சரக்கைக் கவர் கசங்காமல் கொடு.

முதல் நாளே வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து சேஷு மாமாவும் கோமதி மாமியும் வந்தார்கள்.

"எலுமிச்சை வேணும்ப்பா. ஊறுகாய்க்கு. தோல் மெல்லிசா இருக்கணும்" என்றார் மாமி.

"முள்ளு இருக்கப்படாது" என்றார் மாமா. "கொல்லைலதான் வேஷ்டி உலர்த்தறேன்."

"உங்க வேஷ்டிக்கா செடி வாங்கறோம்?"

நான் அட்டையில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன். "இது நாட்டு எலுமிச்சை, மாமி. நல்ல வாசனை. முள்ளு உண்டு. காய்க்க நாலஞ்சு வருஷம் ஆகும்."

"அதுவரை நான் இருக்கணுமே" என்றார் மாமா.

"இருப்பேள்" என்ற மாமி என் பக்கம் திரும்பினார். "அடுத்ததைக் காட்டு."

"இது வடுகப்புளி. சத்யை விருந்துக்கு நாரங்கா கறி வைக்கிறது. காய் பெருசு, தோலும் தடிமன்."

"வேண்டாம். ஊருக்கா சமைக்கப் போறேன்?"

"அப்போ இதான் உங்களுக்கு. விதையில்லாத எலுமிச்சை, பதியன் போட்டது. தோல் மெல்லிசு, முள்ளு குறைவு, ரெண்டு வருஷத்தில காய்." தோளில் போட்டுக் காட்டாததுதான் குறை.

மாமி சம்மதித்தார். கூடவே ஒன்று சொன்னார்: "நீயே வந்து நட்டுக் கொடுக்கணும். உன் கையாலதான் நடணும்."

இதை இரண்டு தடவை சொன்னார். என் கைராசியை முதல் நாளே கண்டுகொண்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலையே போய்க் குழி வெட்டி நட்டுவிட்டு வந்தேன்.

2. பாபு அண்ணன்

நர்சரிக்குத் திரும்பி வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கட்டும் பாபு அண்ணன் அருகில் வந்தார்.

"அந்த எலுமிச்சை, நாரகம், நீ தன்னே நட்டோ?"

"ஆமா. ஏன்?"

"ஐயோ. நாரகம் நட்ட குடும்பம் முடியும்னு இவிடே ஒரு சொல்லு உண்டு. அதான் வீட்டுக்காரங்க நட மாட்டாங்க, வெளி ஆளை வெச்சு நடுவாங்க. தோஷம் நட்டவனுக்கு."

"எனக்கா?"

"பின்னே, செடிக்கா?"

அந்த வாரமே ஹெல்மெட் தொலைந்தது. கிள்ளிப்பாலத்தில் சிக்னல் விழுந்து எல்லோரும் கிளம்பியபோது என் ஸ்கூட்டர் மட்டும் கிளம்பவில்லை. தேங்குழல் கடித்ததில் கடைவாய்ப்பல் உடைந்தது. "அந்தப் பல்லு ஆடத் தொடங்கி ரெண்டு வருசமாச்சு" என்றாள் மனைவி. நாரகம் முன்கூட்டியே ஆட்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

செடியைச் சமாதானப்படுத்த வாராவாரம் மண்புழு உரத்தோடு போனேன். மாமி பார்க்காத நேரம் மூன்று சுற்றுச் சுற்றி, "நான் கூலிக்கு வந்தவன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று காதில் சொன்னேன். காது என்றால் மேல் இலை. நட்ட நாளிலிருந்து அதே இலைதான் உச்சியில் இருந்தது. ஒரு துளிர்கூட வரவில்லை.

ஐந்தாம் மாதம் மாமி நர்சரிக்கே போன் செய்தார். "உங்க ஆள் வாரம் தவறாம வரான், பிரதட்சிணம் பண்றான், போறான். செடி வச்ச மாதிரியே இருக்கு. என்னன்னு வந்து பாருங்கோ."

கம்ப்ளெய்ன்ட். வேலை போயிற்று; அடுத்தது குடும்பம் என்று முடிவு கட்டினேன்.

3. குழி

சேச்சியே நேரில் வந்தார். "தோண்டு" என்றார்.

தோண்டினேன். அரை அடியில் மண்வெட்டி எதிலோ வழுக்கியது. கறுப்புக் கவர். நர்சரி பெயர் அச்சடித்தது, ஒரு கசங்கல் இல்லை. உள்ளே வேர், இடியாப்பம் பிழிந்தது போல வட்டம் சுற்றிக் கிடந்தது.

"பேஷ்" என்றார் மாமா. "பேக்கிங்கே பிரிக்கலை."

சேச்சி என்னைப் பார்த்தார். "சேட்டா, இது எந்தா?"

"கஸ்டமர் சரக்கை நாம பிரிக்கப்படாதுல்லா, சேச்சி…"

சேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். "அப்போ அஞ்சு மாசமா இது கவர்லதான் இருந்திருக்கு. இன்னும் நடவே இல்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடாத செடிக்கு ஏது தோஷம்? ஹெல்மெட், ஸ்கூட்டர், பல் எல்லாம் தத்தம் சொந்தக் காரணத்தால் போனவை.

"அப்போ இப்ப யார் நடறது?" என்றார் மாமா, இரண்டடி பின்னால் நகர்ந்தபடி.

மாமிக்கு அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது. சேச்சிக்கு இடுப்பு வேதனை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமி உள்ளே நகர்ந்தார்.

"சேச்சி, வேலை…" என்றேன்.

"இவனை அனுப்பிடாதே, லதா" என்று மாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நாரகம் நட ஆள் கிடைக்கறது ரொம்ப கஷ்டம்."

பிளேடால் கவரைக் கிழித்தேன். சுற்றிய வேரை விரலால் பிரித்துவிட்டு, நட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் நர்சரியில் ஒரு விதி. செடி நடப் போனவர் கிழிந்த கவரைக் கொண்டு வந்து சேச்சியின் மேசையில் வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

மாமியின் செடி இரண்டாம் வருஷம் காய்த்தது. தோல் மெல்லிசுதான். குறைவென்று சொன்ன முள்ளில் மாமாவின் வேஷ்டி ஒன்று கிழிந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது. பல் கட்டிக்கொண்டேன்.